மணிக்குப் போன பேட்ஜ்

கூப்பன் அரிசிக்கும் பாண் வரிசைக்கும் நின்று வளர்ந்த என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வீட்டில் பிள்ளைகளிடம் ஆரம்பித்தால், "அம்மா மறுபடியும் லயத்துக்குப் போயிட்டாங்க" என்று போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் கேட்ட ஒரே ஒரு கேள்வியால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அது என்ன கேள்வி என்று சொல்வதற்கு முன்னால் என் டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. எனக்குப் பத்து வயது. மற்றப் பெண்பிள்ளைகள் உடைந்த வளையல் துண்டு சேர்த்தார்கள். நான் பட்டாளச் சாமான் சேர்த்தேன். சிரிக்காதீர்கள்.

பண்டாரவளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பழைய பட்டாளக் கோட்டுகள் வரும். உலகச் சண்டைக்காலத்தில் தியத்தலாவை முகாமில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனவை என்பார்கள். குளிருக்கும் மழைக்கும் எங்கள் ஆண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் கவ்வாத்து வெட்டப் போவார்கள். அந்தக் கோட்டில் ஒரு பொத்தான் ஆட ஆரம்பித்தால் போதும், அது அறுந்து என் கைக்கு வரும் வரை அந்த ஆளை நான் விடமாட்டேன். அதற்காக வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கில்லை. இப்படியே கிரீடம் போட்ட பொத்தான்கள், நங்கூரம் போட்ட ஒன்று, தோளில் குத்துகிற பித்தளை எழுத்துகள், முகாமில் அடைபட்டிருந்த இத்தாலிக்காரன் ஒருவனுடையது என்று நானே முடிவுகட்டிய ஒரு நட்சத்திரம், எல்லாம் ஒரு மஞ்சள் பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்திருந்தன.

அடுப்புச் சாம்பலும் பழம்புளியும் போட்டுத் தேய்ப்பேன். களிம்பு வாசம் விரலில் இரண்டு நாள் நிற்கும். சோறு பிசைந்தால் சோற்றிலும் அதே வாசம்தான்.

"தோடு கேட்டு அழுவுற வயசுல தகரத்துக்கு அழுவுறா பாரு! பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்குடி இந்த எழவு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவள் கண்ணுக்கு அதெல்லாம் எப்போதும் தகரம்தான். ஒரு நாள் மட்டும் பித்தளையாகத் தெரிந்தது. அந்த நாளுக்கு வருகிறேன்.

டின்னில் இருந்ததிலேயே உசத்தியானது பெரியப்பாவின் பேட்ஜ். பெரியப்பா என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். திருச்சிப் பக்கம் ஊர். பஞ்சம் பிழைக்க அண்ணன் மலாயா ரப்பருக்கும் தம்பி இலங்கைத் தேயிலைக்கும் போனார்கள். சண்டை வந்து ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது, அவனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்று கிளம்பிய இந்தியப் பட்டாளத்தில் பெரியப்பாவும் சேர்ந்தார். பர்மா வரை நடந்தார். தோற்றார்கள். கொஞ்ச காலம் வெள்ளைக்காரனின் சிறையில் கிடந்துவிட்டு ஊருக்குப் போய்ப் பார்த்தால் அங்கே சொந்தமென்று ஒருவரும் மிச்சமில்லை. தம்பியைத் தேடி மன்னார்ப் பக்கம் தோணியில் வந்து இறங்கி, நடந்தும் லொறி பிடித்தும் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். நான் பிறப்பதற்கு வெகு முன்னால் நடந்தது இது.

'கள்ளத்தோணி' என்று நம் எல்லோரையும்தான் திட்டினார்கள். தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே செத்தவர்களையும் சேர்த்துத்தான் திட்டினார்கள். ஆனால் எங்கள் பெரியப்பா நிஜமாகவே தோணியில் வந்தவர். இந்தியா பாஸ்போர்ட்டும் இல்லை, இலங்கைப் பிரஜாவுரிமையும் இல்லை, தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் பேரும் இல்லை. மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, விறகு பிளப்பது என்று கைக்காசு வேலைதான் செய்தார். பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் தேயிலைக்குள் இறங்கிவிடுவார், ஜீப் போன பிறகு முழங்கால் வரை சேறும் அட்டையுமாகத் திரும்பி வருவார். அவ்வளவு உயரமான மனிதர் குனிந்துகொண்டு ஓடுவதைப் பார்க்க எனக்கு அந்த வயதிலேயே எரிச்சலாக இருக்கும்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அவர் பேட்ஜை என்னிடம் தந்தார்.

"இந்தா புள்ள, இத ஒன் டின்னுல போட்டு வையி. எங்கிட்ட இருந்தா நூறு கேள்வி கேப்பானுவ. ஒன் டின்ன எவன் தொறந்து பாக்கப் போறான்?"

தொப்பியில் குத்துகிற பேட்ஜ். முன்னால் இந்தியாப் படம், அதன் கீழே எனக்கு விளங்காத எழுத்து. பின்பக்கம் பெரியப்பா ஆணியால் கீறிய அவருடைய நம்பரும் பேரின் முதல் எழுத்தும். அந்தப் படத்தில் பதுளையை எத்தனையோ தரம் தேடியிருக்கிறேன். எங்கள் தீவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் விளிம்புதான் இருந்தது.

"இதத் தேய்க்காத. அந்தக் கிரீடப் பொத்தானுங்களோடயும் சேக்காத, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது" என்றார். நானும் ஒரு பிளனல் துண்டில் சுற்றித் தனியாக வைத்தேன். தோட்டத்தில் பாதிப்பேர் அவர் கதையை 'ஜப்பான் கப்சா' என்பார்கள். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மகன் ஒருவன், பதுளையில் தங்கிப் படித்தவன், "அது துரோகிப் பட்டாளம்னு எங்கப்பா சொன்னாரு" என்பான். அவனும் என்னைப் போலப் பட்டாளச் சாமான் சேர்க்கிறவன். "அப்புடி ஒரு பேட்ஜே கெடையாது. இருந்தா காட்டு பாப்போம்" என்று போன விடுமுறையில் சவால் விட்டுப் போயிருந்தான்.

இந்த நிலையில் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் பெரியப்பாவுக்காக அங்கேயிருந்த இந்தியா ஆபீசுக்கு எழுதிப்போட்டிருந்தார். அந்தப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் மூன்று வாரம் கழித்து நேரில் கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது. மாஸ்டர் எங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்று அதைத் தமிழில் சொன்னார்.

"இவரு இன்னாருன்னு அவுங்க ஒத்துக்கிட்டாப் போதும், பாஸ்போர்ட்டு குடுப்பாங்க. அத வச்சு இங்க இருக்க விசா எடுக்கலாம். அப்பறம் எந்த ஜீப்புக்கும் ஓட வேண்டாம்."

பெரியப்பா உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அப்பா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். சக்கரைத் துண்டு கூட வைத்துக் கொடுத்தோம், அந்தக் காலத்தில்!

அன்று திங்கட்கிழமை. "புள்ள, அத எடுத்துக் குடு" என்று பெரியப்பா கேட்டார். "நாளைக்குத் தாரேன் பெரியப்பா" என்றேன். புதன்கிழமையும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று புளுகினேன். ஏன் தெரியுமா? கிளாக்கர் மகன் சனிக்கிழமை லீவுக்கு வருகிறான். அவன் மூஞ்சிக்கு நேரே அதை நீட்டிக் காட்டிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். மூன்று வாரம் இருக்கிறதே, ஐந்து நாளில் என்ன குடிமுழுகிப் போகும்? அம்மாவிடம் மட்டும், குடுத்துட்டேன் என்று சொல்லி வைத்தேன். இல்லாவிட்டால் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

இனி மணிக்கு வருகிறேன். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதில்தான் இரும்பால் அடிப்பார்கள். பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிட அடிப்பதும் அதே மாதிரித் துண்டுதான். "சாமி கும்புடுற மாதிரியா இருக்கு? வேலைக்குக் கூப்புடுற மாதிரில்ல இருக்கு!" என்று தோட்டத்துத் தலைவர் அந்த வருடத் திருவிழாவுக்கு நிஜ மணி வார்ப்பதென்று கிளம்பினார். கண்டிப் பக்கம் பித்தளை வார்க்கிறவர்களிடம் பேசியும் வந்துவிட்டார். காம்பராவுக்கு இரண்டு இறாத்தல் பழைய பித்தளை. வெள்ளிக்கிழமை சாக்கோடு வருவார், ஆளுக்கு ஆள் எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பித்தளை என்று இருந்தது அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ஒரு குடம்தான். இரண்டு நாளாக அதைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தாள். வெள்ளிக்கிழமைக் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏய், ஒன் டின்னுல ஒங்க பெரியப்பா சாமான் ஏதாச்சும் கெடக்காடி?"

"இல்லம்மா. அன்னைக்கே குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். பெரியப்பாவையே நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். புருசனின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் அம்மாவுக்குக் கிடையாது. ஒரே காம்பராவில் அத்தனை வருடம் இருந்தும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது என் வாய் வழியாகத்தான். "பெரியப்பாவச் சாப்புடச் சொல்லு." "ஒங்கம்மாவக் கொஞ்சம் உப்புக் கொறைக்கச் சொல்லு." என் வாயில் பொய் இருந்தால் இரண்டு பக்கமும் பொய்தான் போய்ச் சேரும். என்ன வழக்கமோ, என்ன மரியாதையோ! இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் குடம் மூலையில் பளபளவென்று இருந்தது. டின் காலி. பிளனல் துண்டுகூட இல்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"கோயில்ல போயி கேளுங்க பெரியப்பா! சாக்கு அங்கதான் இருக்கு. இன்னும் கொண்டு போகல" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாமிக்குனு மனசார எடுத்து வச்சதத் திருப்பிக் கேட்டா குடும்பத்துக்கு ஆகாதுனு சொல்லுடி. போன வருசந்தான் ஒரு புள்ளையக் குடுத்தோம்." என் தம்பி அம்மை போட்டுச் செத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.  அந்தப் பேச்சுக்குப் பிறகும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போனார். திரும்பி வந்தார். தலைவரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறார்!

"பர்மாவுல பேதி கண்டு கெடந்தப்ப மாரியம்மா பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார் பெரியப்பா. "அவ எடுத்துக்கிட்டானா எடுத்துக்கட்டும்."

கேளுங்கள், அந்தச் சாக்கு பதினொரு நாள் கோயிலில் இருந்தது. பதினொரு நாள்! எங்கள் காம்பராவிலிருந்து கூப்பிடு தூரம். மஞ்சள் கயிறு கட்டி, விபூதி பூசி, அம்மன் காலடியில் வைத்திருந்தார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். கை விட்டால் எடுத்துவிடலாம். ஏழாம் நாள் நான் கையும் விட்டேன். கயிற்றை அவிழ்க்கிறபோது தலைவர் பிடித்துக்கொண்டார்.

"சாமி சாமானுல கை வைக்கிறியா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டின், பேட்ஜ், கண்டிக் கடிதம், ஒன்று விடவில்லை. தலைவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கயிற்றை மறுபடியும் கட்டினார்.

"அம்மனுக்கு வந்தது அம்மனுக்குத்தான் தாயி. நானே பிரிச்சேன்னா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. ஒங்க பெரியப்பாவ வேற ஏதாச்சும் காட்டச் சொல்லு."

வேற ஏதாச்சும்! அந்த மனிதரிடம் வேறு என்ன இருந்தது? இரண்டு சாரமும் ஒரு மண்வெட்டியும்தான்.

கண்டிக்கு மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆபீசர் தன்மையாகத்தான் பேசினாராம். பேட்ஜ் எங்கே என்று கேட்டதற்குக் கான் வெட்டும்போது எங்கேயோ விழுந்துவிட்டது என்று பெரியப்பா சொன்னாராம். என்னைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "கெடைச்சா எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்க, நான் எழுதித் தாரேன்" என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

திருவிழாவுக்கு மணி வந்தது. கற்பூரம் காட்டி, எல்லோரும் கைகூப்பி நிற்க, தலைவர் மணியின் நாக்கைப் பிடித்து அடித்தார். என் டின் முழுவதும் அதற்குள் இருக்கிறது என்று நினைத்து நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெரியப்பா கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த மணிச் சத்தத்தில்தான் அவர் எழுந்து வேலைக்குப் போனார்.

ஆறு மாதம் கழித்துக் கொஸ்லந்தைப் பக்கம் கான் வெட்டு வேலை இருக்கிறதென்று போனவரை, ஹல்துமுல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பேப்பர் கேட்டுப் பிடித்துவிட்டார்கள். அப்பா போய்ப் பார்ப்பதற்குள் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தலைமன்னார்க் கப்பல். எந்த நாட்டுக்காகப் பர்மா வரை நடந்தாரோ, அந்த நாட்டுக்கே கள்ளத்தோணி என்று அனுப்பி வைத்தார்கள். திருச்சியிலிருந்து யாரையோ எழுதச் சொல்லி ஒரு கடிதம் போட்டார். "புள்ளைய அடிக்க வேண்டாம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. நாங்கள் போட்ட பதில் முகவரி சரியில்லை என்று திரும்பி வந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தலைவருக்கு இந்தியாவுக்குப் போக முறை வந்தது. தட்டுமுட்டெல்லாம் கட்டி, நாளைக்கு ரயில் என்கிற நிலையில் எனக்கு ஆள் அனுப்பினார். அப்போது நான் கல்யாணமாகிக் கீழ் லயத்தில் இருந்தேன். போனால், ஒரு மஞ்சள் துணி முடிச்சை என் கையில் வைத்தார். பிரித்தேன். இந்தியாப் படம். பின்பக்கம் ஆணிக் கீறல்.

"இது பித்தளையே இல்ல தாயி. இரும்புத் தகரம், மேல பூச்சு மட்டுந்தான். காந்தத்துல ஒட்டிக்கிச்சுனு வார்க்கிறவன் அப்பவே எடுத்துப் போட்டுட்டான். மணி வந்தன்னைக்கே எங்கையில குடுத்துட்டான்."

"மணி வந்தன்னைக்கேவா?"

"சாமிக்கு வந்ததத் திருப்பிக் குடுக்கவும் பயம், தூக்கி எறியவும் பயம். பொட்டியிலயே கெடந்துச்சு. இப்பக் கடல் தாண்டிப் போறேன், எடுத்துக்கிட்டுப் போகவும் பயமா இருக்கு."

அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. பெரியப்பா எங்களோடு இருந்த அந்த ஆறு மாதமும் பேட்ஜ் இவர் பெட்டியில் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை ரயிலில் கண்டிக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும். "நீங்களே கொண்டு போயி அவரத் தேடிக் குடுங்க" என்று கத்தினேன். "அவ்வளவு பெரிய ஊர்ல எங்கனு தேடுவேன் தாயி?" என்று அவரும் அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் இருந்ததே தவிர உரிமை இல்லை. ஐந்து நாள் நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து வருடம் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கிளாக்கர் மகனுக்காக, அவர் அம்மனுக்காக.

போன மாதம் மகன் இதைப் போட்டோ எடுத்து எங்கேயோ போட்டிருக்கிறான். கொழும்பிலிருந்து ஒரு பையன் பதுளைக்கு என் வீடு தேடி வந்துவிட்டான். சண்டையில் எதிரிப் பக்கம் சேர்ந்து நின்ற பட்டாளங்களின் பேட்ஜ் மட்டும்தான் அவன் சேர்ப்பானாம். கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து, முன்னும் பின்னும் பார்த்தான். ஆணிக் கீறலை வெகுநேரம் பார்த்தான்.

"ஒரிஜினல் மாதிரித்தான் இருக்குங்கம்மா. ஆனா, இன்னாரு வச்சிருந்தாருன்னு காட்டணும். அவரு அந்தப் பட்டாளத்துல இருந்ததுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் இருண்டது. "தம்பி, அந்த மனுசனுக்குப் பேப்பரே இதுதான்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விலை பேச ஆரம்பித்தான். எழுந்து போகச் சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு அதை ஒரு பிளனல் துண்டில் சுற்றி டின்னில் வைத்தேன். மஞ்சள் பெயின்ட் போய்த் துருப்பிடித்த அதே டின்தான். ஒத்துப்போகாத கிரீடப் பொத்தான் ஒன்றுகூட இப்போது அதில் இல்லை, இது மட்டும்தான் கிடக்கிறது. மூடியை அழுத்தும்போது, தலை பின்னிக்கொண்டே அம்மா கேட்டது காதில் கேட்டது. ஒன் டின்னுல ஒங்க பெரியப்பா சாமான் ஏதாச்சும் கெடக்காடி?

கெடக்கும்மா. இன்னும் குடுக்கல.